நிவாரணக் கணக்கை மூடாதீர்கள்: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

பேரிடர்க் காலங்களில் நிதி திரட்டும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் சமூக மன்றத்தில் நடந்த உங்கள் கூட்டுக் கூட்டத்தில், இலங்கையைத் தாக்கிய டிட்வா புயலுக்காகத் திரட்டிய நிதியின் கணக்கை முடித்து ஏட்டை மூடிவிடுவதென்றும், இனி ஒரு பேரிடர் நேர்ந்த பிறகே நிதி திரட்டுவதென்றும், இடைப்பட்ட காலத்தில் நிலையான நிதியோ குழுவோ தேவையில்லை என்றும் முடிவெடுத்தீர்கள். முன்னேற்பாட்டுக்கென ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு நிதி வேண்டும் என்று தொண்டூழியர்கள் சிலர் எழுத்தில் கொடுத்த கோரிக்கை பத்து நிமிடம்கூடப் பேசப்படாமல் தள்ளப்பட்டது. நடக்காத பேரிடருக்கு நம் மக்கள் பணம் தரமாட்டார்கள் என்பது நீங்கள் சொன்ன முதல் காரணம். சட்டம் இடம் தராது என்பது இரண்டாவது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று பேச வாய்ப்புக் கிடைக்காததால் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் வேதாரண்யத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவன். 1989-இல் இங்கே வந்து, கப்பல் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். 2004 ஆழிப்பேரலை, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல், 2025 டிட்வா புயல் என்று நான்கு முறை உங்கள் அழைப்பை ஏற்று வந்து பெட்டி கட்டியிருக்கிறேன். பெட்டிகளுக்குச் சரக்குப் பட்டியல் எழுதியவனும் பெரும்பாலும் நானே. ஆகவே இந்த மடலை வெளியாள் ஒருவரின் குறைகூறலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. நாகப்பட்டினக் கரையை அலை தொட அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையில் இருந்த என் பள்ளித் தோழனும் அவன் மகளும் அவர்களில் இருவர். அலை கரையேறுவதற்கு முந்தைய அந்த நேரத்தில் நான் இங்கே தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். நிலநடுக்கச் செய்தி என் காதிலும் விழுந்தது. இந்தோனேசியாவில் நடந்தது என்று நினைத்தேனே தவிர, ஊருக்கு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதே காலையில் இதே சிங்கப்பூரில் இன்னொருவருக்கு அது தோன்றியது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர், செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததும், எல்லாரையும் உடனே வெளியேறச் சொன்னார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முன்பே அமைத்திருந்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அதில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் மனிதர்கள் பிழைத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை நம் மேடைகளில் நீங்களே பலமுறை பெருமையோடு எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலிருந்து போன அழைப்பு ஓர் ஊரைக் காத்தது என்று சொல்லும்போது கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் அந்த அழைப்பு மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. எதிர்முனையில், அலை வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, எந்தப் பேரிடரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாதாரண நாளில், யாரோ பணம் செலவழித்து ஒலிபெருக்கியை மாட்டியிருந்தார்கள். அதை இயக்கவும் உள்ளூரில் சிலரைப் பழக்கியிருந்தார்கள். நீங்கள் இப்போது எடுத்துள்ள முடிவின்படி அப்படிப்பட்ட ஒலிபெருக்கிக்கு நம் நிதியிலிருந்து ஒரு வெள்ளிகூடப் போக முடியாது. அலை வந்து போன பிறகு துணி மட்டும்தான் அனுப்ப முடியும்.

துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2005 தொடக்கத்தில் நான் ஊருக்குப் போனபோது நாகப்பட்டினச் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்தது. எங்கெங்கிருந்தோ அன்போடு வந்த துணிதான். மழையில் நனைந்து, மாடு மிதித்து, அள்ளிப் போடவும் ஆளில்லாமல் கிடந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற ஒரு பெண்ணிடம் அடுத்தவர் உடுத்திக் கழித்த சேலையை நீட்டினால் அவர் முகம் எப்படி மாறும் என்பதை நான் நேரில் பார்த்தேன். திரும்பி வந்ததும் அப்போதைய பொறுப்பாளர்களிடம் சொன்னேன். 2018-இல் மறுபடியும் பழந்துணி சேர்த்தோம். சென்ற ஆண்டும் சேர்த்தோம். சரக்குத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே பிரித்து, கட்டி, கொள்கலனில் ஏற்றி, அங்கே சுங்கத்தில் விடுவித்து, லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைக் கணக்கிட்டால், அதே பணத்துக்கு அந்தந்த ஊர்க் கடையிலேயே புதுத்துணி வாங்கிக் கொடுத்திருக்கலாம். கடைக்காரருக்கும் பிழைப்பு திரும்பியிருக்கும்.

உலகளவில் என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம், ஏனென்றால் அன்று ஒருவர், பேரிடர்கள் கடவுள் செயல், முன்கூட்டிச் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டார். உலக வானிலை அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பு 1970 முதல் 2019 வரையிலான ஐம்பது ஆண்டுகளைக் கணக்கெடுத்தது. வானிலை, காலநிலை, நீர் ஆகியவற்றால் நேர்ந்த பேரிடர்கள் 11,000க்கும் மேல். இறந்தோர் 20 லட்சத்துக்கும் மேல். இவர்களில் நூற்றுக்கு 91 பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தவர்கள். பதிவான பேரிடர்களின் எண்ணிக்கை இந்த ஐம்பது ஆண்டுகளில் ஐந்து மடங்காகியிருக்கிறது. முன்னைவிட இப்போது பதிவு செய்வது சீராகியிருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிலநடுக்கங்கள் பெருகிவிட்டன என்றும் யாரும் எண்ண வேண்டாம், கூடியவை வெப்பமும் வெள்ளமும் புயலும் தொடர்பானவையே. 1970களில் நாளொன்றுக்கு 4.9 கோடி அமெரிக்க வெள்ளியாக இருந்த பொருள் இழப்பு 2010களில் 38.3 கோடியாக உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது: 1970களில் ஆண்டுக்கு 50,000க்கும் மேல், 2010களில் 20,000க்கும் கீழ்.

ஆபத்து கூடும்போது சாவு எப்படிக் குறைந்தது? வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில் போலா புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் மடிந்தார்கள். 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொண்டூழியர்கள் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடு வீடாகச் சென்று சொல்லும் முறை அது. ஆனால் ஒதுங்க இடம் போதவில்லை. 1991 புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். அதன்பின் பாதுகாப்பு மையங்கள் பெருவாரியாகக் கட்டப்பட்டன. 2007-இல் சிதர் புயலில் இறந்தவர்கள் 3,000 சொச்சம். 2020-இல் ஆம்பன் வந்தபோது, அதுவும் கொரோனாக் காலத்தில், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள். அந்நாட்டில் இறந்தவர்களைச் சில பத்துகளுக்குள் எண்ணிவிடலாம். கடல் அதே வங்கக் கடல். அந்த நாடு பணக்கார நாடாகிவிடவுமில்லை. ஒடிசாவும் 1999 பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 உயிர்களைப் பறிகொடுத்த பிறகு இதே வழியில்தான் நடந்தது. 2013-இல் பைலின் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்பே வெளியேற்றி இறப்பைச் சில பத்துகளுக்குள் அடக்கியது.

நிலநடுக்கத்திலும் இதைக் காணலாம். 2010-இல் ஹெய்ட்டியை 7.0 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது லட்சக்கணக்கில் மாண்டார்கள். ஆறு வாரம் கழித்து சிலியைத் தாக்கியது 8.8 அளவு, பல நூறு மடங்கு ஆற்றல் மிக்கது. இறந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர். கட்டட விதியும் அதைக் கடைப்பிடித்த பழக்கமும் சிலியில் இருந்தன, ஹெய்ட்டியில் இல்லை.

புயலோ வெப்ப அலையோ வருவதை 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தாலே சேதத்தில் 30 விழுக்காடு குறையும் என்று தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019-இல் கணக்கிட்டது. 2027 முடிவதற்குள் உலகின் ஒவ்வொரு மனிதருக்கும் முன்னெச்சரிக்கை சென்றுசேர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. எஞ்சியிருப்பது கொஞ்ச காலம்தான்.

நம் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எச்சரிக்கை வந்திருந்ததால் என் அக்கா குடும்பம் முதல் நாள் மாலையே பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டது. உயிர் தப்பியது. விடிந்து திரும்பிப் பார்த்தால் தோப்பில் இருந்த 140 தென்னைகளில் நின்றவை ஒன்பது. நாங்கள் இங்கிருந்து அனுப்பிய பாயும் போர்வையும் மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தன. அக்காவுக்கு அப்போது வேண்டியிருந்தவை விழுந்த மரங்களை அறுத்து அகற்ற ஓர் இயந்திர வாள், அதற்கு ஆள்கூலி, நல்ல தென்னங்கன்று, கன்று காய்க்கும்வரை ஐந்தாறு ஆண்டுகளுக்கு வயிற்றுப்பாடு. இந்த நான்கில் ஒன்றையும் நம் பெட்டி கொண்டுபோகவில்லை. அந்த ஐந்தாறு ஆண்டுகள் முடிவதற்கு வெகு முன்பே நம் கணக்கு மூடப்பட்டுவிட்டது. தொலைபேசியில் அக்கா குறை சொல்லவே இல்லை. “போர்வை நல்லா இருந்துச்சுடா தம்பி” என்று மட்டும் சொன்னார்.

டிட்வாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2025 நவம்பர் 28-இல் இலங்கையில் கரையேறிய அந்தப் புயலில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெருமளவு மலையகத்தில், மண்சரிவில். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தோட்டங்களில் நம்மைப் போலத் தமிழ் பேசுகிற மக்கள் இன்றும் வெள்ளைக்காரர் காலத்து லயன் எனும் வரிசைக் குடியிருப்பு அறைகளில், சரிவான நிலத்தில் வாழ்கிறார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த, இங்கே என்னோடு பெட்டி கட்டிய ஒரு தம்பி சொன்னார்: எச்சரிக்கை வந்ததுதான், ஆனால் அவர் அம்மாவுக்குப் புரியும் மொழியில் வந்து சேர்வதற்குள் சாலை அறுந்துவிட்டது. இது புதிதும் அல்ல. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தை மண் மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005-இலும் 2011-இலும் கொடுக்கப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. போவதற்கு வேறு இடமில்லாத மக்களுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. நம் நிதியைக் கொண்டு மலையகம் முழுவதையும் இடம் மாற்ற முடியாது என்பதை அறிவேன். ஒரு தோட்டத்தில் ஒரு மழைமானியும், அதைப் படித்து இரவில் தமிழில் குரல் கொடுக்கப் பழகிய நான்கு இளைஞர்களும், ஒதுங்குவதற்கு ஒரு கூடமும் ஏற்பாடு செய்ய முடியாதா? நாம் கடந்த முறை கொள்கலனுக்குக் கட்டிய வாடகையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

சட்டம் இடம் தராது என்றீர்கள். அது பாதி உண்மை. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு இங்கே அனுமதி வேண்டும். திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும். உடனடிப் பேரிடர் நிவாரணம் என்றால் அறநிறுவன ஆணையர் இந்த விகிதத்தைத் தளர்த்தலாம். ஆகவேதான் பேரிடர் நேர்ந்த பிறகு நம்மால் முழுத் தொகையையும் வெளியே அனுப்ப முடிகிறது, முன்னேற்பாட்டுக்கு அப்படி முடிவதில்லை. விதியின் நோக்கம் சரியானதே. இங்கே திரட்டும் பணம் இங்குள்ள எளியவர்களுக்கு முதலில் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 80 இங்கே என்றால் 20 அங்கே என்றுதானே பொருள்? ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி சேர்ந்தால் 20,000 வெள்ளி வெளியே போகலாம். அந்தத் தொகை நாகைக் கரையிலோ மலையகத்திலோ ஒலிபெருக்கியும் மழைமானியும் பயிற்சியும் ஆகும்போது எத்தனை ஊரைத் தொடும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

எஞ்சிய 80,000 வெள்ளியைச் சிங்கப்பூரில் பேரிடர் முன்னேற்பாட்டுக்கு எங்கே செலவிடுவது, இங்குதான் ஒன்றும் நடப்பதில்லையே என்று அன்று ஒருவர் கேட்டார். 1978 டிசம்பரில் இதே தீவில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டி ஏழு பேர் இறந்ததை இன்றைய மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே புயல் உருவாகாது என்று பாடத்தில் படித்தோம். 2001 டிசம்பரில் வாமேய் புயல் நம் பக்கத்திலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. டிட்வா வந்த அதே வாரத்தில் மலாக்கா நீரிணையில் சென்யார் உருவாகிச் சுமத்ராவைத் தாக்கியது. அங்கே வெள்ளத்திலும் மண்சரிவிலும் இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல் மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்று இங்குள்ள பருவநிலை ஆய்வு நிலையம் கணித்திருக்கிறது. கடலை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வெப்பம் வீட்டுக்கு வீடு வருவது. 2023 மே 13-இல் அங் மோ கியோவில் 37 பாகை பதிவாகி, 1983-இன் உச்சத்தைத் தொட்டது. 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 60,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். வெப்பத்தில் இறப்பவர்களுக்குப் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, ஆகவே யாரும் நிதி திரட்டுவதும் இல்லை. ஓரறை வீட்டில் தனியே இருக்கும் நம் தமிழ் மூத்தோர் எத்தனை பேர், பிற்பகலில் அவர்கள் கதவைத் தட்டுவது யார் என்று நம் அமைப்புகளில் எதனிடமாவது பட்டியல் இருக்கிறதா? கட்டுமானத் தளத்தில் கடும் வெயிலில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு மணிக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும் என்று 2023 முதல் மனிதவள அமைச்சின் நெறிமுறை இருக்கிறது. அது தங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாதவர்களை வெளிநாட்டு ஊழியர் விடுதியில் நான் சந்தித்திருக்கிறேன்.

அந்த விடுதிகள்தான் நம்மிடமுள்ள பெரிய செல்வம் என்றும் நினைக்கிறேன். நாகை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், கடலூர் என்று புயல் கரையேறும் ஊர்களின் பிள்ளைகளெல்லாம் அங்கே இருக்கிறார்கள். தினமும் இரவில் ஊருக்குப் பேசுகிறார்கள். நல்லவாட்டு இளைஞர் தற்செயலாகச் செய்ததை ஏற்பாடாகச் செய்வதற்கு ஆள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். முதலுதவியும், எச்சரிக்கையைச் சரிபார்த்து வதந்தி கலக்காமல் சொல்லும் முறையும் அவர்களுக்குக் கற்றுத்தருவது சிங்கப்பூருக்குள் செய்யும் செலவே.

மக்கள் தரமாட்டார்கள் என்ற காரணத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. சென்ற மாத முடிவை நிறுத்திவைத்து, தொண்டூழியர்களும் நன்கொடையாளர்களும் பங்கேற்கும் பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி, நிலையான முன்னேற்பாட்டு நிதி பற்றி முழுமையாக விவாதிக்க வேண்டும். கஜாவுக்கும் டிட்வாவுக்கும் திரட்டிய தொகை எவ்வளவு, அதில் சரக்குக் கட்டணமும் கிடங்கு வாடகையும் எவ்வளவு, பயனாளிகள் கைக்குப் போனது எவ்வளவு என்ற கணக்கை அந்தக் கூட்டத்துக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும். பழந்துணி சேர்ப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். தவிர்க்க முடியாத பொருள்களைத் தவிர மற்றவற்றை அந்தந்த ஊரிலேயே வாங்க வேண்டும். நிதியைச் சட்டப்படி 80-க்கு 20 என்று நடத்தும் திட்டத்தை எழுதி, முன்னேற்பாட்டுக்கு அதற்குமேல் தளர்வு கிடைக்குமா என்று எல்லா அமைப்புகளும் ஒன்றாகக் கையெழுத்திட்டு அறநிறுவன ஆணையரிடம் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் 20-ஐக் கொண்டு தொடங்க வேண்டும். முதல் ஆண்டில் வெளியே ஒரே ஓர் ஊரை, என் விருப்பம் மலையகத் தோட்டம் ஒன்று, தேர்ந்தெடுத்து ஐந்தாண்டுகள் அதைக் கைவிடாமல் உடனிருக்க வேண்டும். இங்கே விடுதி ஒன்றிலும் மூத்தோர் அதிகமுள்ள குடியிருப்பு ஒன்றிலும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தமிழகத்தைத் தொடும்; இலங்கையிலும் புயல் மழைக் காலம் அப்போதே தொடங்கும். ஜூலை முடிவதற்குள் கூட்டத்தின் தேதியை அறிவியுங்கள். கணக்குகளைத் தொகுக்கவும் ஆணையருக்கான திட்டத்தை எழுதவும் வாரத்தில் மூன்று மாலைகளை நான் ஒதுக்கிவைத்திருக்கிறேன். என்னோடு வரச் சம்மதித்திருக்கும் பதினொரு தொண்டூழியர்களின் பட்டியலை உங்கள் செயலாளரிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொண்டூழியர்களில் ஒருவன்,
சிங்கப்பூர்